‘கோல்ஃப்’ முதலெழுத்துகளால் ஆன சொல் அல்ல

‘கோல்ஃப்’ என்பது ‘ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குத் தடை’ எனப் பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். ‘நியூஸ்’ என்பது நான்கு திசைகளின் முதலெழுத்துகள். இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. இரண்டும் தவறு.

1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கால்பந்தையும் கோல்ஃபையும் தடைசெய்து சட்டம் இயற்றியது. மக்கள் வில்வித்தைப் பயிற்சியைக் கைவிட்டு விளையாடப் போகிறார்கள் என்பதே அதன் கவலை. பெண்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அடுத்த நூற்றாண்டில் அந்நாட்டு அரசி மேரி கோல்ஃப் ஆடினார் என்று அவருடைய எதிரிகளே எழுதிவைத்தார்கள். மட்டையைக் குறிக்கும் ‘கொல்ஃப்’ என்ற டச்சுச் சொல்லோடு இதற்கு உறவு உண்டு என்பதே அறிஞர் பலரின் கருத்து.

‘நியூஸ்’ இன்னும் எளிது: புதியது என்னும் பொருளுடைய ‘நியூ’வின் பன்மை, ‘புதியவை’. பழைய நூல்களில் அதை ஓர் எழுத்து கூடுதலாக, ஐந்தெழுத்தில் எழுதினார்கள். திசைக் கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் வழக்கம் ஆங்கிலத்தில் பரவியதே 20-ஆம் நூற்றாண்டில்தான்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும், மெரியம்-வெப்ஸ்டரின் இணையதளத்திலும் இச்சொற்களின் வரலாற்றைப் பார்க்கலாம். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் பழைய சட்டங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிள்ளைகள் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பொது அறிவு என்று மனப்பாடம் செய்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்; அனுப்பியவரிடம் இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.