அந்த 0.7 நொடி

மார்ச் மாதம் பிறந்தால் போதும், எங்கள் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சண்டை வந்துவிடும். அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலில், என்சிஏஏ என்ற அமைப்பு நடத்தும் தொடரின் மொத்த வரலாற்றிலும், கடைசி நேரத்தில் விழுந்த ஷாட்களில் எது பெரியது? பாதிப் பேர் லேட்னர் என்பார்கள். வயதில் சின்னவர்கள் ஜென்கின்ஸ் என்பார்கள். ஒருத்தர் மட்டும் ஜோர்டானைத் தவிர வேறு பெயரைக் காதிலேயே வாங்கமாட்டார். நான் சார்லட் ஸ்மித் என்று எழுதுவேன். உடனே "யார் அது?" என்று கேட்பார்கள். வருஷா வருஷம் அதே கேள்வி. இந்தத் தடவை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் லேட்னர். அந்த ஷாட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. 1992 மார்ச் 28, பிலடெல்பியா. டியூக், கென்டக்கி பல்கலைக்கழக அணிகளின் ஆட்டம் சமனாகி ஓவர்டைம், அதாவது கூடுதல் நேரம். ஷான் வுட்ஸ் போர்டில் தட்டிப் போட்ட பந்தால் கென்டக்கி 103-102 என முன்னே போகிறது. மிச்சம் 2.1 நொடி. கிராண்ட் ஹில் கோட்டுக்கு வெளியே நின்று, முக்கால் மைதானத்துக்குப் பந்தை வீசுகிறார். அவர் முன்னால் கையைத் தூக்கி மறைக்கக் கென்டக்கி ஒரு ஆளைக்கூட நிறுத்தவில்லை. லேட்னர் பிடித்து, வலப்பக்கம் போவதுபோல் காட்டி, ஒரு தட்டு தட்டித் திரும்பி எறிகிறார். 104-103. அன்றைக்கு அவர் கூடையை நோக்கி எறிந்த 10 ஷாட்டும் உள்ளே, எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த 10 ஃப்ரீ த்ரோவும் உள்ளே. இதே ஆட்டத்தில் கீழே விழுந்து கிடந்த கென்டக்கி வீரரின் நெஞ்சில் அவர் கால் வைத்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானதுதான்.

ஆனால் அது இறுதிப் போட்டி இல்லை. ஜெயித்ததால் டியூக்குக்குக் கிடைத்தது கடைசி நான்கு அணிகளில் ஒரு இடம். கோப்பைக்கு இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி இருந்தது.

எந்த ஷாட்டைப் பற்றிப் பேசினாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பந்து வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இனி சொல்லும் நான்கும் ஆண்கள் இறுதிப் போட்டிகள். 2016-இல் ஹூஸ்டனில் கிரிஸ் ஜென்கின்ஸ் எறிந்தபோது ஸ்கோர் 74-74. தவறியிருந்தால் ஓவர்டைம், அவ்வளவுதான். 1983-இல் விட்டன்பர்க் எறிந்து கூடைக்கு எட்டாமல் வந்த பந்தை லொரென்சோ சார்லஸ் பிடித்து அப்படியே உள்ளே திணித்தாரே, அப்போதும் 52-52. 2008-இல் மரியோ சால்மர்ஸ் எறிந்தபோது தவறினால் கேன்சஸின் கதை அநேகமாக முடிந்திருக்கும், அது உண்மை. ஆனால் விழுந்தும் ஸ்கோர் சமன்தான் ஆனது. ஓவர்டைமில் போய்த்தான் ஜெயித்தார்கள். 1982-இல் வட கரோலினாவின் ஜோர்டான், அணி ஒரு புள்ளி பின்தங்கிய நேரத்தில் போட்டார், ஆனால் அதற்குப் பிறகும் பந்து ஜார்ஜ்டவுன் கையில் இருந்தது, நேரமும் இருந்தது. ஜார்ஜ்டவுனின் ஃப்ரெட் பிரவுன் தடுமாறி எதிரணி ஜேம்ஸ் வொர்த்தி கையிலேயே பந்தைக் கொடுத்த பிறகுதான் வட கரோலினாவுக்கு மூச்சு வந்தது.

இப்போது வட கரோலினாவின் சார்லட் ஸ்மித். 1994 ஏப்ரல் 3. ரிச்மண்ட். பெண்கள் இறுதிப் போட்டி, வட கரோலினாவும் லூசியானா டெக்கும். லூசியானா டெக் அதற்குமுன் 1982-இலும் 1988-இலும் பட்டம் வென்ற அணி. வட கரோலினா பெண்கள் அணிக்கு அதுவரை ஒன்றுகூட இல்லை. கடைசிக் கட்டத்தில் பாம் தாமஸ் போட்ட கூடையால் டெக் 59-57 என முன்னிலை. வட கரோலினாவின் டோன்யா சாம்ப்சன் எறிந்தது விழவில்லை. கீழே பந்துக்கு அடிதடி. இரண்டு அணிக் கைகளும் ஒரே பந்தைப் பிடித்துக்கொள்ள, விசில். கல்லூரி ஆட்டத்தில் இப்படி நடந்தால் ஸ்கோரர் மேஜையில் இருக்கும் அம்புக்குறி யார் பக்கம் காட்டுகிறதோ அவர்களுக்குப் பந்து. அம்பு வட கரோலினா பக்கம் இருந்தது. கடிகாரத்தில் 0.7 நொடி.

பயிற்சியாளர் சில்வியா ஹேட்செல் போட்ட முதல் திட்டம், உயரமான சில்வியா க்ராலிக்குத் தூக்கிக் கொடுப்பது. விழுந்தால் இரண்டு புள்ளி, ஸ்கோர் சமன், ஓவர்டைம். யார் போட்டாலும் அந்தத் திட்டத்தைத்தான் போடுவார்கள். டெக் அதை மறைத்துவிட்டது. மறுபடி டைம்அவுட். திரும்பி வந்தபோது திட்டம் மாறியிருந்தது: ஸ்மித்துக்குக் கொடு, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியட்டும். சமனுக்கு ஆடாமல் ஜெயிக்க ஆடுவது! இந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். ஸ்டெஃபனி லாரன்ஸ் கொடுக்க, ஸ்மித் பிடித்த கையோடு எறிந்தார். பஸ்ஸர் அடித்தது, பந்து உள்ளே. 60-59.

அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தது 20 புள்ளி, 23 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது). கூடைக்குக் கீழே முழு ஆட்டமும் இடித்து மோதிக் களைத்த கைதான் அந்தக் கடைசிப் பந்தையும் எறிந்தது.

இறுதிப் போட்டி, பின்தங்கிய அணி, தவறினால் தோல்வி, விழுந்தால் அந்த நொடியிலேயே கோப்பை. ஆண்கள் இறுதிப் போட்டியில் இந்த நான்கும் சேர்ந்த ஷாட் ஒன்று சொல்லுங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

நோட்ர டாம் அணியின் அரிக்கே ஒகுன்போவாலேயை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 2018-இல் வெள்ளிக்கிழமை அரையிறுதியில் அதுவரை தோற்காத யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) அணியை ஓவர்டைமில் ஒரு நொடி மிச்சமிருக்க வீழ்த்தினார். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியில் 0.1 நொடி மிச்சமிருக்க, ஓரமாக ஓடிக்கொண்டே எறிந்து மிசிசிப்பி ஸ்டேட்டை 61-58 என வென்றார். அந்த சீசனில் நோட்ர டாமில் நாலு பேருக்கு முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. ஒரே வாரக் கடைசியில் இரண்டு ஷாட் என்று பார்த்தால் அவருக்கு ஈடு யாருமில்லை. ஆனால் இறுதிப் போட்டியில் அவர் எறிந்தபோதும் 58-58தான்.

போன வாரம் எங்கள் குடியிருப்பு கோர்ட்டில் மகளோடு, 0.7 நொடிக்குள் பிடித்து எறிய முடியுமா என்று செய்து பார்த்தேன். அவள் பந்தைக் கொடுப்பாள். பந்து என் கையில் பட்டதும் அவள் தோழி மொபைலில் ஸ்டாப்வாட்சைத் தட்டுவாள். பத்துப் பதினைந்து தடவை எறிந்தேன். ஒவ்வொரு தடவையும் முட்டியை மடக்கி எழும்புவதற்குள் நேரம் முடிந்துபோனது. பிறகு மகள் எறிந்தாள். மூன்றாவது தடவையே பந்து நேரத்துக்குள் கையை விட்டுப் போனது, கூடையில்தான் விழவில்லை. "நீங்க பிடிச்சதும் வயித்துக்கிட்ட இறக்குறீங்கப்பா. இறக்கவே கூடாது. முகத்துக்கு நேரா பிடிச்சு அங்கயிருந்தே விடணும்" என்றாள். இருட்டும்வரை அப்படியே எறிந்துகொண்டிருந்தோம்.