வேலை தேடும் மாதங்களின் செலவை யார் ஏற்பது?

அமெரிக்காவின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வேலையின்மை 3.5 சதவீதம் வரை இறங்கியிருந்தது. ஐம்பது ஆண்டுகளில் அவ்வளவு குறைந்ததில்லை. காலியிடங்கள் சுமார் 70 லட்சம், வேலை தேடியவர்கள் சுமார் 60 லட்சம். ஆளைவிட இடம் அதிகம். வெறும் கூட்டல் கழித்தலாகப் பார்த்தால் ஒருவர்கூட சும்மா இருந்திருக்கக் கூடாது. ஆனாலும் 60 லட்சம் பேர் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் சில மாதம் நிற்பவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும். அந்த இடைவெளியை அவருடைய குறையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது பொருளாதாரம் ஓடுவதற்குத் தேவையான ஒன்று. மாறிக்கொண்டே இருக்கும் உலகத்தில் ஒரு நிறுவனம் சுருங்கும், இன்னொன்று வளரும், மனிதர்கள் இங்கிருந்து அங்கே போக வேண்டியிருக்கும். அதே 2019-இல் அந்த நாட்டில் மாதந்தோறும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டார்கள் அல்லது அனுப்பப்பட்டார்கள். ஏறக்குறைய அதே அளவில் புதிதாகவும் சேர்ந்தார்கள். பலர் நேராக அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் கொஞ்ச காலம் நடுவில் நிற்கத்தான் வேண்டும். இந்த ஓட்டத்தால் எல்லோருக்கும் பலன் இருக்கிறது. செலவை மட்டும் நடுவில் நிற்பவர் தலையில் கட்டிவிட்டோம். என் கோபம் இதில்தான்.

எங்கோ வேலை இருக்கிறது, எங்கோ ஆள் இருக்கிறார், ஆனால் இருவரும் சந்திக்க நேரம் பிடிக்கிறது. இதை ஆராய்ந்ததற்காகத்தான் பீட்டர் டயமண்ட், டேல் மார்ட்டென்சென், கிறிஸ்டோபர் பிசாரிடஸ் ஆகிய மூவருக்கும் 2010-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. தேடுவது வேலை கேட்பவர் மட்டுமல்ல, வேலை கொடுப்பவரும்தான் என்பது அவர்களுடைய ஆய்வின் அடிப்படை.

ஆள் எடுக்கும் மேசையின் அந்தப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். தாமதம் எங்கே நடக்கிறது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் சுற்று முடிந்திருக்கும், எல்லோருக்கும் ஆளைப் பிடித்தும் இருக்கும். இரண்டாம் சுற்றுக்கு வர வேண்டிய மேலாளர் லீவில் போயிருப்பார். அவர் திரும்பி வருவதற்குள் பட்ஜெட் ஒப்புதல் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போகும். "இன்னும் ரெண்டு புரொஃபைல் பார்த்துடலாமே" என்று ஒருவர் சொல்வார். ஆறு வாரம் ஓடிவிடும். அத்தனை நாளும் அந்தப் பக்கம் ஒருவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வேறு எங்கும் சரி என்று சொல்லவும் முடியாமல் காத்திருப்பார். அவருக்கு ஒரு மெயில்கூடப் போயிருக்காது. நிறுவனத்தின் தாமதம் நிறுவனத்தின் எந்தக் கணக்கிலும் வராது. அவருடைய ரெஸ்யூமேயில் மட்டும் ஆறு வார 'கேப்' ஆக ஏறிவிடும்.

அப்புறம் அடுத்த இன்டர்வியூவில் அந்த கேப்பைப் பற்றியே கேட்பார்கள். திரையில் ரெஸ்யூமே ஓடும். ஒரு வேலை முடிந்த தேதிக்கும் இன்றைய தேதிக்கும் நடுவில் மவுஸ் வந்து நிற்கும். "இந்த அஞ்சு மாசம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்பார்கள். வேலைதான் தேடிக்கொண்டிருந்தார், வேறென்ன செய்வார்?

இதை ஒரு ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வுக்காக அமெரிக்காவின் பெரிய நகரங்களில் சுமார் 3,000 வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வேலையில்லாமல் இருக்கும் காலத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். காலம் நீள நீள அழைப்புகள் குறைந்தன. முதல் எட்டு மாதத்தில்தான் பெரிய சரிவு. அதாவது தாமதமே அடுத்த தாமதத்துக்குக் காரணமாகிறது. சில மாதத்தில் முடிய வேண்டியது வருடக்கணக்கில் இழுப்பது இப்படித்தான். தேடுபவரின் திறமை அதற்குள் எங்கும் ஓடிப்போய்விடவில்லை.

"கிடைச்சதுல சேர்ந்துடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கையில் பணமே இல்லாதவருக்கு வேறு வழி கிடையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அதை எல்லோருக்கும் பொதுவான புத்திமதியாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. பொருந்தாத வேலையில் அவசரமாகச் சேர்பவர் சீக்கிரமே மறுபடி தேட வேண்டிவரும்; எடுத்த நிறுவனமும் மறுபடி தேடும். ஆஸ்திரியாவில் 40 வயதைத் தொட்டவர்களுக்கு வேலையின்மை உதவித்தொகை 30 வாரத்துக்குப் பதில் 39 வாரம் வரை கிடைத்தது. அந்த வயதுக்குச் சற்று முன்னும் பின்னும் இருந்தவர்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூடுதல் அவகாசம் கிடைத்தவர்கள் சேர்ந்த புது வேலையில் சம்பளம் சற்றே அதிகமாக இருந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் உதவித்தொகை கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டென்மார்க்கில் ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது மற்ற பல ஐரோப்பிய நாடுகளைவிட எளிது. கூடவே, வேலையின்மைக் காப்பீட்டில் சேர்ந்திருப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை பணம் கிடைக்கும், வேலை தேட உதவியும் உண்டு. நிறுவனங்களுக்கு மாறும் சுதந்திரம் வேண்டும் என்றால் மனிதர்களுக்கு மாறும் காலத்துச் சாப்பாட்டுக்கு வழி வேண்டும். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிற நாடுகள்தான் அதிகம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி உலகில் வேலையில்லாமல் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட இப்படி உதவித்தொகை கிடைப்பதில்லை.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தொழிலே அழிந்துபோய் நிற்பவரின் நிலைமை வேறு. அவருக்கு அவகாசம் மட்டும் போதாது, புதிதாகக் கற்க வழியும் வேண்டும். அதைத் தனியாகப் பேச வேண்டும்.

சட்டமும் காப்பீடும் வரும்போது வரட்டும். ஆள் எடுப்பவர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. விளம்பரத்திலேயே சம்பளத்தைப் போடலாம். பொருந்தாது என்று தெரிந்தவர் நேரத்தை வீணாக்க மாட்டார். இல்லை என்றால் இல்லை என்று அந்த வாரமே சொல்லிவிடலாம். ஓராண்டுக்குக் குறைவான கேப்பைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிடலாம்.

நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைப் பற்றி மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதியிருக்கிறார். அடிக்கடி சந்திக்கும் ஆள் மூலம் தகவல் வந்தது அவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் பழைய சக ஊழியர், பாதி மறந்துபோன பழக்கம், இப்படிப்பட்டவர்கள்தான் கைகொடுத்திருக்கிறார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்த ஒருவர் வேலை தேடிக்கொண்டிருந்தால், நெருக்கம் இல்லையே என்று தயங்காதீர்கள். என்ன மாதிரி வேலை தேடுகிறார் என்று சரியாகக் கேட்டு வைத்துக்கொண்டு, உங்கள் அலுவலகத்தில் காலியிடம் வந்த அன்றைக்கே அவருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.