என் மகள் நன்றாக இருக்கும் நாட்களை அவளுக்கு எதிராகத் திருப்பாதீர்கள்

"நேத்து சாயங்காலம் த்ரோபால் ஆடினாளே, இன்னைக்குக் காலையில மட்டும் எப்படி நடக்க முடியாமப் போகும்?" பள்ளியிலும் கேட்கிறார்கள், சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பதில்.

என் மகளுக்கு 15 வயது. அவளுக்கு இருப்பது ஜேஐஏ, அதாவது சிறார் மூட்டழற்சி. 16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரமாவது நீடிக்கிற, வேறு காரணம் பிடிபடாத மூட்டு வீக்கம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவதால் வருவது. சத்துக் குறைவால் அல்ல. கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி அனுப்பியவர்களின் அன்பு புரிகிறது. சூப் வைத்துக் கொடுத்தேன், விரும்பித்தான் குடித்தாள். ஆனால் மருந்தின் இடத்தில் அதை வைக்க முடியாது.

இந்த வலி நாளுக்கு நாள் மட்டுமல்ல, மணிக்கு மணி மாறும். ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த மூட்டு காலையில் இறுகியிருக்கும். பேஸ்ட் மூடியைத் திருகக் கை வராது. யூனிஃபார்மின் மேல் பட்டனை நான்தான் போட்டுவிடுகிறேன். அந்த நேரத்தில் அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். வெந்நீரில் கையை நனைத்து, வீட்டுக்குள்ளேயே மெல்ல நடந்து, பதினோரு மணி வாக்கில் ஒரு வழியாகிவிடுவாள். சாயங்காலம் பார்க்கிறவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது.

அப்புறம் அந்த த்ரோபால். அவளை ஆடச் சொன்னதே மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும்தான். வலிக்குப் பயந்து மூட்டை அசைக்காமல் வைத்தால் தசை மெலியும், மூட்டு இன்னும் இறுகும். ஆக, முடிகிற நாளில் ஆடுவதும் சிகிச்சைதான். அதையே பிடித்துக்கொண்டு "நடிக்கிறாள்" என்று பெரியவர்கள் சொன்னால், பிள்ளை என்ன செய்யும்? நம்ப வைப்பதற்காக ஆடுவதை நிறுத்தும், இல்லையென்றால் வலியை மறைக்கும். இரண்டுமே அவள் உடம்புக்குக் கேடு. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானே" என்பது அடுத்த வாதம். ஜேஐஏ உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவாகத்தான் வரும். மூட்டு வீங்கியிருக்கும்போதே, அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஈஎஸ்ஆர் சரியாக இருப்பதும் உண்டு. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொல்வதை மதிக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதி வைத்தது. அந்த மரியாதை 15 வயதுப் பெண்ணுக்கும் உண்டு.

எதிர்ப்புச் சக்தியின் அந்தத் தாக்குதலை அடக்க, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து. அந்த மஞ்சள் மாத்திரையைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். மறுநாள் பாதி படுக்கையில் போய்விடும். இதைச் சொல்லியும் "சின்னப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு மருந்து" என்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

"பொம்பளப் பிள்ளை, வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் ஆகணும்" என்ற அறிவுரையையும் நான் ஏற்கவில்லை. இன்னும் பள்ளிப் படிப்பே முடியவில்லை, அதற்குள் கல்யாணத்துக்காக வலியை மறைக்கப் பழக வேண்டுமா? யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். இந்தப் பதிவும் அவள் படித்து, இரண்டு வரியை எடுக்கச் சொல்லி, சரி என்ற பிறகுதான் வருகிறது. மருத்துவரிடமும் இப்போது அவளேதான் பேசுகிறாள். எங்கே, எப்போது, எப்படி வலிக்கிறது என்று என்னைவிடத் துல்லியமாகச் சொல்கிறாள்.

இதே நோயுள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம். வலியோ சிவப்போ இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி வரலாம். மருத்துவர் சொன்ன இடைவெளியில், கண் மருத்துவர் கருவி வைத்துக் கண்ணுக்குள் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். இன்னொன்று தேர்வு. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவர் வசதியும் உண்டு. விரல் மூட்டு பாதித்த பிள்ளைக்குக் கிடைக்குமா என்று மருத்துவச் சான்றிதழோடு பள்ளியில் கேளுங்கள். தேர்வு நெருங்கும் வரை காத்திருக்காமல், கல்வியாண்டு தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள்.