லூவர் அடித்தால் கோல்கொண்ட் ஆகிவிடாது

புதுச்சேரியிலும் கடலூரிலும் புது வீட்டு முகப்புகளில் லூவர் என்று அலுமினியப் பட்டைகளைச் சாய்வாக, இடைவெளி விட்டு வரிசையாக அடித்துவிட்டு "கோல்கொண்ட் மாதிரி" என்கிறார்கள். பட்டைக்குப் பின்னால் திறக்கவே திறக்காத கண்ணாடி, அதற்குப் பின்னால் ஏசி. அப்புறம் வீடு வேகிறதே என்று புலம்பல்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதிதான் கோல்கொண்ட். அங்கே லூவர் அலங்காரம் அல்ல. கட்டடத்தின் நீளமான இரண்டு பக்கத்திலும் லூவர்தான் சுவர்.

ஆசிரமவாசிகள் தங்குவதற்காக 1937இல் வேலை தொடங்கிய கட்டடம் அது. வரைந்தவர் அந்தோனின் ரேமண்ட், செக் நாட்டுக்காரர். இம்பீரியல் ஓட்டல் வேலைக்காக அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட்டோடு டோக்கியோ போய் அங்கேயே அலுவலகம் போட்டவர். இங்கே களத்தில் நின்று கட்டியவர்கள் ஜார்ஜ் நகாஷிமாவும், கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயிடம் வேலை பார்த்திருந்த ஃப்ராந்திஷெக் சாம்மரும். பணம் ஹைதராபாத்திலிருந்து, சர் அக்பர் ஹைதரி மூலமாக வந்தது. ஹைதராபாத் பக்கத்துக் கோல்கொண்டாவின் பெயர் வைத்த காரணம் அதுதான்.

இனி வெயில் கணக்கு. புதுச்சேரி ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சம். சித்திரை 10 வாக்கில் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். அதன்பின் ஆவணி தொடக்கம் வரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் விழும். அக்னி நட்சத்திரம் முழுக்க இந்தக் கணக்கில் அடக்கம். "தெற்குப் பக்கம் மட்டும் நிழல் கொடுத்தால் போதும்" என்பது வடஇந்தியாவுக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. கோல்கொண்டில் வடக்கு, தெற்கு இரண்டு முகத்திலும் லூவர் இருப்பது இதனால்தான். ஜூன் மாத நண்பகலில் சூரியன் 78 டிகிரி உயரத்தில் வடக்கே நிற்கும். டிசம்பரில் சுமார் 55 டிகிரியில் தெற்கே. இரண்டுமே உயரமான வெயில். படுக்கைவாட்டுப் பட்டை அதைச் சுலபமாகத் தடுத்துவிடும்.

மேற்கு வெயில் அப்படி இல்லை. மாலை 4 மணிக்குமேல் சாய்ந்து, பட்டைகளின் இடுக்கு வழியாக நேரே உள்ளே வரும். அதை நிறுத்தும் அளவுக்குப் பட்டையைக் கவிழ்த்தால் காற்றும் நின்றுபோகும். மேற்குப் பார்த்த மனையில் கோல்கொண்ட் முகப்பு கேட்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் கெட்டிச் சுவர் வையுங்கள், மாடிப்படியைத் தள்ளுங்கள், வேப்பமரம் நடுங்கள். லூவர் வேண்டாம்.

லூவர் தனியாகவும் வேலை செய்யாது. கோல்கொண்டில் அறைகள் ஒரே வரிசை. வடக்கே நடைவழி, தெற்கே அறை. நடுவில் தேக்குச் சட்டங்களாலான இழுப்புக் கதவு, மூடினாலும் காற்று போகும். வடக்குத் தோட்டம் அடர்த்தி, தெற்கே வெட்டவெளி. நிழலில் குளிர்ந்த காற்றும் வெயிலில் சூடான காற்றும் இரு பக்கம் நிற்பதால் கடற்காற்று ஓய்ந்த நேரத்திலும் கொஞ்சம் நகர்வு இருக்கும். நம் வீடுகளில் முகப்பில் லூவர், பின்னால் பிளைவுட் கதவு, அதற்கும் பின்னால் பக்கத்து வீட்டுச் சுவர். உள்ளே நுழைந்த காற்று எந்த வழியாக வெளியேறும்?

யாரும் காப்பியடிக்காத பாகம் கூரை. தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் வில்லைகளை அடுக்கி இடையில் காற்றுவெளி விட்டிருக்கிறார்கள். தளம் நாள் முழுக்க நிழலில் இருக்கும். 5 அங்குல மொட்டைத் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி கட்டிலின் மேல்தான் இறக்கும். ஃபேன் அதையே சுற்றிவிடும். காசு குறைவென்றால் முகப்பை விட்டுவிட்டு மாடிக்குச் செலவழிக்கலாம். மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி மேலே சுர்க்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த கலவை) தளம் போட்டாலே வித்தியாசம் தெரியும். கூடும் பாரத்தைத் தளம் தாங்குமா என்று எஞ்சினியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பூசாத கான்கிரீட்டின் அழகில் மயங்குகிறவர்களுக்கு: கடலோரத்தில் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு ஏறும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடலோரத்துக்குக் கேட்பது எம்30 என்ற வலிமைத் தரக் கலவை, கனமீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், தண்ணீர் சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் கூடாது, கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடல், அதாவது கவர். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக மேஸ்திரி ஜல்லித் துண்டை வைத்து, ஓட்டமாக வரட்டும் என்று இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றினால் இந்தக் கணக்கெல்லாம் காலி. பூச்சு இருந்தால் தவறு கொஞ்ச நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

குறையும் உண்டு. லூவர் கொசுவைத் தடுக்காது. கொசுவலை இல்லாமல் இந்த ஊரில் தூங்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் சாரல், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடாவிட்டால் உள்ளே வரும். தூசியைத் துடைக்க வேண்டும், திருகும் கீல்களுக்கு எண்ணெய் விட வேண்டும். கோல்கொண்டில் பித்தளை போட்டார்கள். இரும்பு போட்டால் உப்புக்காற்றில் இறுகிப்போகும், அப்புறம் லூவர் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அங்கே பட்டைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். அதைப் பார்த்து யாரும் பழைய ஷீட்டை அறுத்து லூவர் செய்யாதீர்கள். அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. தேக்கு போதும், இல்லையென்றால் ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத ஃபைபர் சிமெண்ட் பலகை கிடைக்கிறது.