ஓய்வுபெற்ற டாங்கிக்குப் பீடம் மட்டும்தானா?

நம் நாட்டில் ஒரு டாங்கி ஓய்வுபெற்றால் பெரும்பாலும் என்ன ஆகிறது? ஒன்று, பழைய இரும்பு. இல்லையென்றால் பெயின்ட் அடித்து, மேடை கட்டி, ஊர் நடுவே நிறுத்திவிடுகிறோம். ஆவடியில் தயாரான விஜயந்தாவைப் பல ஊர்களில் இப்படிப் பார்க்கலாம். நினைவுச்சின்னம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓடக்கூடிய நிலையில் இருக்கும் வண்டிக்கு எதிரி வேடம் கட்டிப் பயிற்சிக் களத்துக்கு அனுப்புவதுதான் சரி என்று உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவின் ஷெரிடன் என்ற எடை குறைந்த டாங்கியைப் பாருங்கள். வியட்நாமில் பெயர் கெட்டுப்போன வண்டி அது. எடை குறைய வேண்டுமென்று அலுமினியத்தில் உடல் செய்ததால் கண்ணிவெடியைத் தாங்கவில்லை. அதன் 152 மி.மீ. குண்டுகளுக்கு உலோக உறையும் கிடையாது. எரிந்துபோகும் உறை என்பதால், அடி விழுந்தால் உள்ளிருக்கும் குண்டுகளும் பற்றிக்கொள்ளும். 1,600க்கும் மேல் தயாரித்துவிட்டு, 1978லேயே விலக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம்தான் அந்த வண்டிக்கு நல்ல காலம் வந்தது. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஃபோர்ட் இர்வினில் 1980களில் தேசியப் பயிற்சி மையம் இயங்கத் தொடங்கியது. ஷெரிடன்களின் மேல் கண்ணாடியிழைக் கூடுகளைப் பொருத்தி சோவியத் டி-72 டாங்கி, வீரர்களை ஏற்றிச்செல்லும் பிஎம்பி கவச வண்டி போல மாற்றினார்கள். குண்டுக்குப் பதில் லேசர். உடலைச் சுற்றி உணரிகள். லேசர் பட்டால் வண்டியின் மேல் விளக்கு மினுக்கும், அத்தோடு அது ஆட்டத்திலிருந்து வெளியே. அடுத்த மோதலுக்கு அதே வண்டி திரும்ப வந்துவிடும்.

அதில் இருந்தவர்கள் அங்கேயே நிரந்தரமாக எதிரிப் படையாக வேலை பார்த்தவர்கள். ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவர்களுக்கு அத்துப்படி. பயிற்சிக்கு வந்த பிரிவுகள் பெரும்பாலும் தோற்றுத்தான் போயின. உயிர் போகாமல் தோற்பதற்கு வேறு எங்கே வாய்ப்பு கிடைக்கும்? 1991 வளைகுடாப் போர் முடிந்து வந்த வீரர்கள் பலர், இராக்கியர்களைவிட இர்வின் எதிரிகள் கடினமானவர்கள் என்றே சொன்னார்கள்.

பழைய டாங்கியை நிறுத்திவைத்து நிஜக் குண்டால் சுடுவதும் தேவைதான். 2020 அக்டோபரில் போக்ரானில் நாக் என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணையை இப்படித்தான் சோதித்தார்கள். (அப்படி நிறுத்துவதற்கு முன் எண்ணெய், பேட்டரி, ஆஸ்பெஸ்டாஸ், பழைய ரேடியம் முகப்பு அளவிகள் எல்லாவற்றையும் கழற்றியே ஆக வேண்டும். அந்த மண்ணும் நம்முடையதுதான்.) ஆனால் நிற்கும் இலக்கு பக்கவாட்டில் வந்து மடக்காது, திருப்பிச் சுடாது.

செலவாகுமே என்பார்கள். ஆகும். ஷெரிடனையே பராமரிக்க முடியாமல்தான் 2000களின் தொடக்கத்தில் வீரர்களை ஏற்றிச்செல்லும் எம்-113 கவச வண்டிகளுக்கு அந்த வேடத்தை மாற்றினார்கள். அதனால்தான் இப்போதே பேச வேண்டும் என்கிறேன். நம்மிடம் அடுத்து ஓய்வுக்குக் காத்திருப்பது டி-72, அதுவும் ஆவடியில் உருவானதுதான். உதிரி பாகமும், அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் இருக்கும்போதே சில டஜன் வண்டிகளை இதற்கென்று ஒதுக்கிவிட வேண்டும்.