புறக்கணிப்பின் விலையை யார் கொடுத்தார்கள்?

இஸ்ரேலியப் பல்கலைக்கழகங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், "ஏன் அவர்களை மட்டும்? சீனாவை ஏன் விட்டீர்கள்?" என்று கேள்வி வந்து விழுகிறது. தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் தமிழர்கள் அதோடு நிறுத்துவதில்லை. "2009இல் ஈழத்தில் அத்தனை பேர் செத்தபோது இந்தப் பேராசிரியர்கள் எங்கே போயிருந்தார்கள்?" என்றும் கேட்கிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் சித்தப்பா இதைக் கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அந்த வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

கேள்வி நியாயமானது. 1981இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தது; சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் கொழும்போடு உறவை முறித்ததாக நான் அறியவில்லை. உய்குர் பேராசிரியர் இல்ஹாம் தோத்திக்கு 2014இல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். சீனாவுடனான கூட்டு ஆய்வுகள் நடந்துகொண்டேதான் இருந்தன. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் ஐரோப்பா சில வாரங்களிலேயே கதவை அடைத்தது. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுதான். ஆனால், நமக்குக் கிடைக்காத நியாயம் காஸாவில் பல்கலைக்கழகம் தரைமட்டமான மாணவனுக்கும் கிடைக்கக் கூடாது என்ற முடிவுக்கு எப்படி வருகிறீர்கள்? அங்கேதான் நான் உங்களோடு முரண்படுகிறேன்.

இதே கேள்வியை இங்கே தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியின் ஆதரவாளர்களும் கேட்டார்கள். 1965இல் பிரிட்டனின் 34 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 496 ஆசிரியர்கள் தென்னாப்பிரிக்காவில் பணியேற்க மாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். 1980இல் ஐ.நா. பொதுச்சபையே கல்விப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது. "உகாண்டாவின் இடி அமீனை விட்டுவிட்டு எங்களை ஏன் பிடிக்கிறீர்கள்?" என்று பிரிட்டோரியா அரசு கத்தியது. உகாண்டாவை முடித்துவிட்டு வருகிறோம் என்று யாரும் காத்திருக்கவில்லை. காரணம், இங்கே ஒடுக்கப்பட்டவர்களே கேட்டார்கள். 1959 இறுதியில் நிறவெறியை எதிர்த்த தலைவர்களான ஆல்பர்ட் லுத்துலியும், எங்கள் டர்பனில் பிறந்த டாக்டர் மாண்டி நாயக்கரும், பீட்டர் பிரவுனும் தென்னாப்பிரிக்கப் பொருட்களை வாங்காதீர்கள் என்று பிரிட்டன் மக்களிடம் கூட்டாகக் கோரினார்கள். வதைபடுகிறவர் தாமே கேட்கிறாரா என்பதுதான் என் முதல் அளவுகோல். பாலஸ்தீனக் கல்வியாளர்கள் 2004 முதல் கேட்டுவருகிறார்கள்.

என்னை உண்மையில் வதைக்கும் அநீதி வேறு. எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, அந்த நாட்டுக்குள் யார் தலையில் அது விழுந்தது என்பதைப் பாருங்கள்.

1959ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியை இனவாரியாகப் பிரித்தது. இந்தியர்களுக்கென்று 1961இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் குடியிருப்பில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். பின்னர் அது வெஸ்ட்வில்லுக்கு மாறியது. நான் எண்பதுகளில் அங்கே படித்தவன். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பிய என் முதல் கட்டுரை, உறை பிரிக்கப்பட்டு, ஒரு பக்கம்கூடக் கசங்காமல் திரும்பி வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து கட்டுரை ஏற்பதில்லை என்று ஒரே வரி தட்டச்சு செய்த துண்டுச்சீட்டை மேலே குத்தியிருந்தார்கள். நிறவெறி எனக்கு ஒதுக்கிய கல்லூரியில் படித்ததற்கு, நிறவெறியை எதிர்த்தவர்களே எனக்குத் தண்டனை கொடுத்தார்கள். அதே காலத்தில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்த வெள்ளைப் பேராசிரியர்கள் லண்டனுக்கு ஆய்வு விடுப்பில் போய்வந்துகொண்டிருந்தார்கள். இந்தியாவோ 1946லேயே தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்திவிட்டது. அதன் கடவுச்சீட்டும் அப்போது இங்கே செல்லாமல் இருந்தது. அந்த முடிவுக்கு இன்றும் தலைவணங்குகிறேன். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து ஆசிரியரும் நூலும் வந்து சேரும் வழி குறுகிப்போன அந்தத் தலைமுறைகளில்தான் இங்கே தமிழ் வீட்டை விட்டுப் போனது.

அதற்காகப் புறக்கணிப்பு தவறு என்பேனா? மாட்டேன். அது வெட்டிய இடம் தவறு. 1986இல் சவுத்தாம்ப்டனில் நடந்த உலகத் தொல்லியல் மாநாடு, நிறவெறியை எதிர்த்தவர்களையும் சேர்த்தே தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களை விலக்கியது. மறு ஆண்டே ஏ.என்.சி. என்ற ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் ஆலிவர் தாம்போ லண்டனில் பேசியபோது, மக்கள் பக்கம் நிற்பவர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற நிலைக்கு அந்த இயக்கம் வந்திருந்தது. எங்களுக்கு அது தாமதம்.

ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகம் 2011இல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்துடனான நிறுவன ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. தனிப்பட்ட ஆய்வாளர்கள் தங்களுக்குள் தொடர்வதைத் தடுக்கவில்லை. போரை ஆதரித்து ரஷ்யத் துணைவேந்தர்கள் கையெழுத்திட்டபோது, ஐரோப்பியப் பல்கலைக்கழகச் சங்கம் அவர்களுடைய பல்கலைக்கழகங்களின் உறுப்புரிமையைத்தான் நிறுத்திவைத்தது. வெட்டினால் இப்படி வெட்டுங்கள். ஒரு மாணவியின் கடவுச்சீட்டைப் பார்த்துக் கட்டுரையைத் திருப்பி அனுப்புவது கோழைத்தனம்.

ஈழத்தைச் சொல்லி இந்த விவாதத்தை மூடப் பார்க்கும் சித்தப்பாக்களே, அண்ணன்மார்களே, வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்: இலங்கையில் எந்த நிறுவனம், அது என்ன செய்தது, எது நடந்தால் நாம் புறக்கணிப்பை விலக்கிக்கொள்வோம். எழுதிய தாளை முதலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களிடமும் கற்பிப்பவர்களிடமும் காட்டுவோம். அவர்கள் சரி என்றால் முதல் கையெழுத்து என்னுடையது. வேண்டாம் என்றால், அந்தத் தாளை நானே கிழித்துப் போடுகிறேன்.