(தெருவில் பழைய சாமான் வாங்க வந்த அண்ணாச்சியின் தள்ளுவண்டியைக் கார்த்தி நிறுத்துகிறான்.)

கார்த்தி: ஜெம் கிளிப்புக்கு என்ன தருவீங்க அண்ணாச்சி?

அண்ணாச்சி: தராசு ஒண்ணும் காட்டலியே தம்பி.

கார்த்தி: எடை போடாதீங்க அண்ணாச்சி! இது எடைக்குப் போடுறது இல்ல.

அண்ணாச்சி: இரும்புதானே?

கார்த்தி: இரும்புதான். ஆனா நீங்க இதை ஜெம் கிளிப்பா பாக்கக் கூடாது.

அண்ணாச்சி: பின்ன?

கார்த்தி: வீடா பாக்கணும்.

(அண்ணாச்சி கிளிப்பை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். பிறகு கார்த்தியையும் அதே மாதிரி பார்க்கிறார்.)

அண்ணாச்சி: வீட்டுல அம்மா இருக்காங்களா?

கார்த்தி: அம்மா எதுக்கு? நீங்க இதை வாங்கிக்கிட்டு, இதைவிட ஒரு படி பெருசா ஏதாவது குடுக்கணும். அவ்வளவுதான். இருங்க, போனை ஸ்டாண்டுல மாட்டிக்கிறேன்... ஹாய் மக்களே!

அண்ணாச்சி: எந்த மக்கள்? தெருவுல நானும் ஒரு நாயும்தானே நிக்கோம்.

(இந்த 'ஹாய் மக்களே'விடமிருந்து இப்போதெல்லாம் யாருக்கும் தப்பில்லை. இளநீர் வெட்டுகிறவர், பூக்கட்டுகிற அம்மா, பஞ்சர் ஒட்டுகிறவர் என்று கைவேலையாக இருக்கிற யார் முகத்துக்கு முன்னாலும் போன் நீள்கிறது. 'எடுக்கலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.)

கார்த்தி: கதையைக் கேட்டா நீங்களே அசந்துருவீங்க. கனடாவுல மான்ட்ரியல். கைல் மெக்டொனால்ட்னு ஒருத்தர். 2005 ஜூலையில ஒரு சிவப்பு கிளிப்பை எடுத்தாரு. ஒரே வருஷம். பதினாலே கைமாத்து. 2006 ஜூலையில வீடு!

அண்ணாச்சி: பதினாலு பேருகிட்ட கைமாத்து வாங்கினா இருக்கிற வீடும்லா போயிரும்.

கார்த்தி: அந்தக் கைமாத்து இல்ல. பண்டமாற்று. பைசா கிடையாது. கிளிப்பைக் குடுத்து மீன் மாதிரி ஒரு பேனா வாங்கினாரு. பேனாவைக் குடுத்து, கையால செஞ்ச ஒரு கதவுக் குமிழ். அதைக் குடுத்து வெளியூர் போனா சமைக்கிற அடுப்பு. அடுப்பைக் குடுத்து ஹோண்டா ஜெனரேட்டர்.

அண்ணாச்சி: நில்லு. அடுப்பை வாங்கிட்டு ஜெனரேட்டரைக் குடுத்தானா?

கார்த்தி: ஆமா.

அண்ணாச்சி: அவன் விலாசம் இருக்கா?

கார்த்தி: எதுக்கு?

அண்ணாச்சி: எங்கிட்ட மூணு அடுப்பு கெடக்கு.

கார்த்தி: அவரு கலிபோர்னியாவுல இருக்காரு. கேளுங்க. ஜெனரேட்டரைக் குடுத்து ஒரு காலி பீர் பீப்பாய், அதை ரொப்பித் தரேன்னு ஒரு சீட்டு, ஒரு நியான் விளக்குப் பலகை.

அண்ணாச்சி: ஓடுற ஜெனரேட்டருக்குக் காலிப் பீப்பாயா? இப்பதான் எனக்குப் புரியுத மாதிரி வியாபாரம் பண்ணுதான்.

கார்த்தி: பீப்பாயைக் குடுத்துப் பனியில ஓட்டுற வண்டி!

அண்ணாச்சி: எவன் குடுத்தான்? விலாசம்...

கார்த்தி: கியூபெக்ல ஒரு காமெடி நடிகர். அதுக்குள்ள இந்தக் கதை செய்தியில எல்லாம் வந்துருச்சு.

அண்ணாச்சி: அப்படிச் சொல்லு. நடிகர் குடுத்தது பீப்பாய்க்கு இல்ல தம்பி, செய்திக்கு. அது வரைக்கும் கிளிப்பு ஓடிச்சு. அதுக்கப்புறம் பேப்பர்காரன்லா ஓட்டியிருக்கான்.

கார்த்தி: நீங்க எல்லாத்தையும் கொச்சைப்படுத்துறீங்க. அப்புறம் ஒரு ஊருக்கு டூர், ஒரு வேன், பாட்டுப் பதிவு பண்ற ஒப்பந்தம், அப்புறம் அமெரிக்காவுல ஃபீனிக்ஸ்ங்கிற ஊர்ல ஒரு வருஷம் வாடகை இல்லாம ஒரு வீடு.

அண்ணாச்சி: நல்லது. அங்கனயே நின்னுருக்கலாம்.

கார்த்தி: நிக்கலையே! அந்த ஒரு வருஷ வாடகையைக் குடுத்து, ஆலிஸ் கூப்பர்னு ஒரு பெரிய ராக் பாடகரோட ஒரு மத்தியானம்.

அண்ணாச்சி: ஒரு மத்தியானம்னா? சாப்பாடும் உண்டா?

கார்த்தி: அவரோட பொழுதைக் கழிக்கிறது. அப்புறம் அந்த மத்தியானத்தைக் குடுத்து ஒரு கண்ணாடி உருண்டை வாங்கினாரு. குலுக்கினா உள்ள பனி கொட்டுற மாதிரி இருக்குமே, பொம்மை. உலகமே திட்டுச்சு. இவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னாங்க.

அண்ணாச்சி: (முதல் தடவையாக உட்காருகிறார்) பொறு, பொறு. அந்த உருண்டை மேல பைத்தியமா ஒருத்தன் இருந்திருப்பானே?

கார்த்தி: உங்களுக்கு எப்படித் தெரியும்? கார்பின் பெர்ன்சன்னு ஒரு ஹாலிவுட் நடிகர். இந்த உருண்டையையே ஆயிரக்கணக்குல சேத்து வச்சிருக்கவரு. அதைக் குடுத்ததும் படத்துல ஒரு ரோல் குடுத்தாரு.

அண்ணாச்சி: இது வியாபாரம்! பதினாலுல இது ஒண்ணுதான் வியாபாரம். எவன் வீட்டுல எது குப்பை, எவன் வீட்டுல அதே சாமான் சாமின்னு தெரிஞ்சவனுக்குத்தான் இந்தத் தள்ளுவண்டி. மிச்சமெல்லாம் தர்மம். சரி, வீட்டைக் குடுத்த மவராசன் யாரு? விலாசம்...

கார்த்தி: கிப்ளிங்னு ஒரு ஊரு. சஸ்காட்செவன் மாகாணம். ஆயிரத்துச் சொச்சம் பேருதான் இருக்காங்க. ஊர் நிர்வாகமே அந்தப் பட ரோலை வாங்கிக்கிட்டு வீட்டைக் குடுத்துச்சு. அந்த ரோலுக்கு ஆள் எடுக்க அங்கயே நடிப்புத் தேர்வு வச்சாங்க. பெரிய சிவப்பு கிளிப்பு சிலைகூட வச்சிருக்காங்க.

அண்ணாச்சி: ஆயிரம் பேரு ஊரு இன்னைக்கு உன் வாயில வருதுல்லா? அப்ப வீட்டைக் குடுத்ததுல ஊருக்கு நட்டமில்ல. நீ சொல்லு, உன் கிளிப்பை எனக்குக் குடுத்தா எந்தப் பேப்பர்ல என் பேரு வரும்?

கார்த்தி: என் சேனல்ல வரும்.

அண்ணாச்சி: எத்தன பேரு பாக்காங்க?

கார்த்தி: இருநூத்திப் பதினாலு.

அண்ணாச்சி: நான் தெருவுல ஒரு சத்தம் விட்டா அதைவிடக் கூட்டம் வரும்.

கார்த்தி: சரி, அவரு பழைய ஆளு. 2020ல ஒரு அமெரிக்கப் பொண்ணு ஹேர்பின்ல ஆரம்பிச்சு அடுத்த வருஷமே வீடு வாங்கிட்டா, தெரியுமா?

அண்ணாச்சி: ஹேர்பின்னா? தம்பி, சீவும்போது உதிர்ற முடியைச் சுருட்டி செவத்து இடுக்குல சொருகி வச்சிருப்பாங்கல்லா உங்க ஆச்சி? அதை வாங்கிட்டு எங்க அப்பா ஊக்கும் ஹேர்பின்னும் குடுத்தாரு. முடி எங்க போச்சுன்னு ஆச்சி கேட்டதே இல்ல. சவுரிக்குப் போச்சு, விக்குக்குப் போச்சு, கப்பல் ஏறிப் போச்சு. இப்ப கிலோ ஆயிரக்கணக்குல போகுது.

கார்த்தி: ஆச்சி உங்க அப்பாகிட்ட வேற என்னெல்லாம் மாத்தினாங்க?

அண்ணாச்சி: கல்யாணத்துக்கு வந்த வெண்கல உருளியைப் போட்டுட்டு எவர்சில்வர் தூக்குவாளி வாங்கினாங்க. புளி போட்டுத் தேய்க்க வேண்டாமேன்னு. உங்க அம்மா அந்த எவர்சில்வரைப் போட்டுட்டு எங்கிட்ட பிளாஸ்டிக் வாளி வாங்கினாங்க. கனம் இல்லையேன்னு. சரிகைப் பட்டுக்கு ரெண்டு பக்கெட்டு, ஒரு கப்பு. பித்தளை அண்டாவுக்கு ஒரு சேரு. உங்க வீட்டுலயும் மூணு தலைமுறையா கைமாத்திட்டுத்தான் இருக்காங்க தம்பி. என்ன, உருளியில ஆரம்பிச்சு கிளிப்புல வந்து நிக்கீங்க.

கார்த்தி: ...

அண்ணாச்சி: எங்க அப்பா ஒரு சாக்குப் பேரீச்சம்பழத்தோட இந்தத் தெருவுக்குள்ள வந்தாரு. பழைய இரும்பு, பித்தளை, ஈயம்னு சத்தம் போட்டுக்கிட்டு. இப்ப மேட்டுத் தெருவுல மாடி வீடு. கனடாக்காரனுக்கு ஒரு வருஷம் ஆச்சு, எங்களுக்கு நாப்பது வருஷம் ஆச்சு. சிலை வைக்கத்தான் ஆளில்ல.

கார்த்தி: சூப்பர் அண்ணாச்சி! இதையே கொஞ்சம் எமோஷனலா, கேமராவைப் பாத்து இன்னொரு தடவை சொல்லுங்களேன்?

அண்ணாச்சி: சொல்லுதேன். என்ன தருவ?

கார்த்தி: கிளிப்.

(வால் அறுந்த குரங்கு 'வாலைக் கொடு, இல்லை கத்தியைக் கொடு' என்று மிரட்டி மிரட்டிக் கடைசியில் மத்தளம் வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் குரங்கிடம்கூடக் கொடுப்பதற்கு ஒரு வால் இருந்தது.)

அண்ணாச்சி: அந்த மூணு கால் ஸ்டாண்டு அலுமினியமா?

கார்த்தி: அதைத் தர மாட்டேன்.

அண்ணாச்சி: அப்ப ஒண்ணு பண்ணு. உன் மொத கைமாத்தை வீட்டுலயே வச்சுக்க. பரண்ல பழைய கோணிக்குள்ள ஒரு வெண்கலப் பானை இருக்கும். போன பொங்கலுக்குக் கேட்டப்போ உங்க அம்மா தரலை. கிளிப்பை அம்மாகிட்ட குடு, பானையை வாங்கு.

கார்த்தி: கிளிப்புல இருந்து நேரா வெண்கலப் பானை! கைல் மெக்டொனால்டுக்கே பேனாதானே கெடைச்சுது!

அண்ணாச்சி: அதான் சொல்லுதேன். ரெண்டாவது கைமாத்துக்குப் பானையோட எங்கிட்ட வா. வீடியோவுக்குச் சட்டையில குத்திப் பேசுத மைக்கு ஒண்ணு வந்து கெடக்கு, தாரேன்.

கார்த்தி: ஒயர்லெஸ்ஸா?

அண்ணாச்சி: அஞ்சு கிலோவுக்கு மேல இருந்தா ஒயர்லெஸ்ஸு. கொறைஞ்சா ஒயரோடதான். வெரசா போ தம்பி, அம்மா குளிச்சிட்டு வெளிய வரதுக்குள்ள.